மலைக்காரனுக்கு இளைப்பா?

(செம்மநத்தத்திலிருந்து வந்து படிக்கும் மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன் எழுதியது)

கோடை விடுமுறையில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தவன் பாக்கியசாலி. சென்ற மே மாதம் அந்தப் பாக்கியம் எனக்குக் கிட்டியது. பக்கத்தில் குடும்பத்தோடு வந்த ஒரு பெரியவர். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்ததும் சன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டி, "ஆகா, என்ன காற்று! இந்தக் காற்றைக் குடித்தாலே நெஞ்சு நோயெல்லாம் பறந்துவிடும் தம்பி" என்றார். அந்த நேரம் பார்த்து எனக்கு மூச்சு இரைத்தது. பையிலிருந்த பம்பை எடுத்து இரண்டு தடவை உறிஞ்சினேன். பெரியவர் திகைத்துப் போனார். "எந்த ஊர் தம்பி?" என்றார். "செம்மநத்தம், ஏற்காட்டு மலைதான்" என்றேன். "மலைக்காரனுக்கு இளைப்பா?" என்று அவர் கேட்டதில் இரக்கத்தைவிட ஐயமே மிகுதியாக இருந்தது. நான் ஏதோ போலி மலைக்காரன் என்று எண்ணியிருப்பார் போலும்!

அவர் கேள்விக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. மூச்சு அதற்கு இடந்தரவில்லை. ஆண்டு மலரில் எழுதும்படி பேராசிரியர் பணித்தபோது அந்தப் பதிலையே எழுதலாமெனத் துணிந்தேன். நம் கல்லூரியில் சட்டைப்பையிலோ கைப்பையிலோ பம்பை ஒளித்து வைத்திருக்கும் நண்பர்கள் நான் அறிந்தே சிலர் உண்டு. அறியாதவர் இன்னும் பலர் இருக்கக்கூடும். அவர்களை எண்ணியே இக்கட்டுரை.

முதலில் ஒரு விந்தையைச் சொல்கிறேன். சேலத்தில் தூசும் புகையும் ஏராளம். சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைப் புழுதியும், ஐந்து ரோட்டுச் சந்திப்பின் வாகனப் புகையும் எவருக்கும் தெரிந்தவை. ஆனால் விடுதியில் தங்கியிருக்கும் வாரங்களில் நான் பெரும்பாலும் நன்றாகத் தூங்குகிறேன். சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் அன்றிரவே விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த இரவில் இரைத்தது, அன்று எங்கே படுத்தேன், என்ன போர்த்தினேன், வீட்டில் அடுப்பு எரிந்ததா, சளி பிடித்திருந்ததா என்று நாள்தோறும் குறித்து வந்தேன். நண்பர்கள் அதற்கு 'இளைப்புப் பஞ்சாங்கம்' என்று பெயர் வைத்தார்கள். ஏழு மாதத்தில் அந்தப் பஞ்சாங்கம் சொன்ன செய்தி ஒன்றுதான்: என் எதிரி மலைக்காற்றிலும் இல்லை, சேலத்துப் புழுதியிலும் இல்லை. என் வீட்டுக் கம்பளியிலும் இலவம்பஞ்சு மெத்தையிலும் இருந்தது. விடுதியிலோ எனக்குக் கோரைப்பாய்தான்.

விலங்கியல் மாணவன் இதைச் சும்மா விடலாமா? கம்பளியை உதறிய தூசை ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொண்டுவந்து, பேராசிரியர் ஐயாவின் அனுமதியோடு ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். எத்தனையோ கண்ணாடித் தகடுகளுக்குப் பிறகு ஒன்று அகப்பட்டது. எட்டுக் கால், வெளிறிய உடல், ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளம். வீட்டுத்தூசி உண்ணி. இது நம்மைக் கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று வாழ்கிறது. இதன் கழிவுதான் தூசோடு கலந்து மூச்சுக்குழலுக்குள் போய் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. வீட்டுத்தூசில் உள்ள குற்றவாளி இந்தச் சிற்றுயிரே என்று 1964 இல் நெதர்லாந்து நாட்டின் லைடன் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு முன் 'தூசு ஆகாது' என்ற அளவில்தான் மருத்துவ உலகம் நின்றிருந்தது.

இந்த உண்ணிக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் குடிக்க அதற்குத் தெரியாது. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. காற்று வறண்டால் காய்ந்து சாகும். இங்கேதான் பேருந்துப் பெரியவரின் கேள்விக்கு விடை கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்று ஓர் ஊர். ஆஸ்துமா நோயாளிகளை ஐரோப்பியர் நெடுங்காலம் அங்கே அனுப்பி வைத்தார்கள். அவர்களுக்கு அங்கே நலமும் கண்டது. அதன் உயரம் சுமார் 1,560 மீட்டர். நம் ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அதிகம் போனால் ஒரு குன்றளவு வேறுபாடு! ஆனால் டாவோஸின் குளிர் வறண்ட குளிர். அங்கே உண்ணி பிழைப்பது அரிது. ஏற்காட்டின் குளிரோ மூடுபனியில் ஊறிய குளிர். தென்மேற்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போனால் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். ஆவணி முதல் கார்த்திகை வரை துவைத்த துணி காய்வதே பெரும்பாடு. சுவரில் கரும்பச்சையாய்ப் பூஞ்சணம் படரும். பெட்டிக்குள் மடித்து வைத்த கம்பளியை எடுத்து முகர்ந்தாலே மழை வாடை அடிக்கும். உண்ணிக்கும் பூஞ்சணத்துக்கும் இதைவிடச் சொர்க்கம் வேறு ஏது? உயரம் ஒன்று, ஈரம் வேறு. மலை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மருத்துவம் பேசுவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குளிர்ச்சியும் பசுமையும் மட்டும் நுரையீரலைக் காத்துவிடா என்பதற்குத் தோட்ட நகரம் எனப் புகழப்பட்ட பெங்களூரும் சாட்சி. அங்கே ஒரு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை மருத்துவர் பரமேஷ் தொடர்ந்து ஆராய்ந்தபோது, 1979 இல் 9 விழுக்காடாக இருந்த ஆஸ்துமா 1999 இல் 29.5 விழுக்காடாக ஏறியிருந்தது.

உண்ணி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்துமாக்காரனின் மூச்சுக்குழல் எப்போதும் உள்ளே சற்றுப் புண்பட்டுச் சிவந்தே இருக்கிறது. அந்தப் புண்மேல் எது பட்டாலும் அது சுருங்குகிறது, வீங்குகிறது, சளியால் அடைபடுகிறது. ஒருவனுக்கு உண்ணி, ஒருவனுக்குக் கரப்பான் பூச்சி, ஒருவனுக்கு மகரந்தம், எல்லாருக்குமே சாதாரணச் சளிக்காய்ச்சல். சிலருக்குத் தலைவலி மாத்திரையில் உள்ள ஆஸ்பிரின்கூட. குளிர்ந்த காற்றில் மேட்டில் ஓடினால் சிலருக்கு இரைக்கும். எங்கள் மலையில் காப்பித் தோட்டமும் கிடங்கும் இருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும்: பச்சைக் காப்பிக்கொட்டையின் தூசு தொழிலாளர்க்கு ஆஸ்துமா தரக்கூடியது என்பது மருத்துவ நூல்கள் ஒப்புக்கொண்ட செய்தி. மூட்டை தட்டிவிட்டு வீடு திரும்பும் தாய், அதே சேலையோடு குழந்தையைத் தூக்காமல் மாற்றிக்கொண்டு தூக்குவது நல்லது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரியது அடுப்புப் புகை. மழைக்காலத்தில் ஈர விறகு எரியாது, புகையும். அந்தப் புகை பரணில் ஏறித் தானியத்தைப் பூச்சியிலிருந்து காக்கிறது என்று ஆயா சொல்வார். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே புகை அடுப்பின் முன் குனிந்திருப்பவளின் நெஞ்சுக்குள்ளும் ஏறுகிறதே! 2016 இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் பல வீடுகளுக்கு எரிவாயு அடுப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் அடுப்பு இருக்கிறது. உருளை தீர்ந்தால் அடுத்தது வாங்கப் பணமும், அதை மேலே கொண்டுவர வண்டியும் வேண்டும். ஆகவே தேநீருக்கு வாயு, சோற்றுக்கு விறகு என்று ஓர் உடன்பாடு. எங்கள் அடுக்களையில் கூரையோரம் ஓர் ஓட்டை போட்டுப் புகைபோக்கி வைத்தோம். காய்ந்த விறகை மழைக்கு முன்பே அடுக்கி வைக்கப் பழகினோம். கண் எரிச்சல் பாதியாகக் குறைந்தது என்று அம்மா சொல்கிறார். இளைப்பும் ஓரளவு குறைந்தது.

படுக்கைக்கு வருகிறேன். மெத்தையை வெளியேற்றிவிட்டுப் பாய் விரித்தேன். கம்பளிக்குப் பதில் இரண்டு பருத்திப் போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்துகிறேன். வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கிறோம். 60 பாகை வெப்பத்துக்கு உண்ணி தாங்காது. வெயில் அடிக்கும் நாளில் பாறைமேல் விரித்துவிடுவது. இதற்கெல்லாம் ஒரு காசும் செலவில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. உண்ணியை ஒழிக்கும் முறைகளைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008 இல் சீர்தூக்கிப் பார்த்தவர்கள், அவை தனித்து நின்று பெரும்பயன் தரவில்லை என்றே முடிவு கட்டினார்கள். போர்வையைத் துவைத்துவிட்டு மருந்தை நிறுத்துகிறவன் ஏமாந்து போவான். துவைப்பது துணை, மருந்துதான் துணைவன்.

மருந்து என்றதும் நம்மவர் முகம் கோணும். "பம்பு பழகிவிடும், இருதயத்தைக் கெடுக்கும், மாத்திரையே மேல்" என்று சொல்லாத உறவினர் எனக்கில்லை. கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் பம்பை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் மாத்திரை ஒன்றில் இருப்பது 4 மில்லிகிராம், அதாவது நாற்பது அழுத்தலுக்குச் சமம். மாத்திரை வயிறு, ஈரல், இரத்தம் என்று உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நெஞ்சுக்கு வருகிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். பம்போ நேரே வேண்டிய இடத்துக்குப் போகிறது. நாற்பதை விழுங்கிவிட்டு ஒன்றைக் கண்டு அஞ்சுவது என்ன நியாயம்?

இன்னொரு குழப்பமும் உண்டு. பம்பு இரண்டு வகை. ஒன்று, இரைக்கும்போது குழலை விரிப்பது. மற்றொன்று, உள்ளே இருக்கும் புண்ணை நாள்தோறும் ஆற்றுவது. அதில் சிறிதளவு ஸ்டீராய்டு இருக்கும். முதலாவது உடனே சுகம் தருவதால் அதையே நாம் கொண்டாடுகிறோம்; இரண்டாவது ஒன்றுமே செய்யாததுபோல் தோன்றுவதால் பத்து நாளில் மூலையில் போடுகிறோம். நானும் போட்டவன்தான். 'ஜினா' எனப்படும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019 முதல், பெரியவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் முதல்வகைப் பம்பு மட்டும் தந்து அனுப்பக்கூடாது என்றே அறிவுறுத்துகிறது. விரிக்கும் பம்பை மட்டும் நம்பி இருப்பவர்க்குக் கடுமையான தாக்குதல் வரும் அபாயம் அதிகம். உங்களிடம் இருப்பது எந்தப் பம்பு என்று தெரியாவிட்டால், இந்த மலரை மூடிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்.

பம்பை அழுத்துவதும் மூச்சிழுப்பதும் ஒரே நேரத்தில் நிகழவேண்டும். குழந்தைக்கும் முதியவர்க்கும் இது கைவருவதில்லை. இடையில் ஒரு குடுவை வைத்தால் எளிது. அந்தக் குடுவையை விலை கொடுத்து வாங்க முடியாதவர்க்கு ஒரு நற்செய்தி: 500 மில்லி பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டுப் பயன்படுத்தினால், குழந்தைகளுக்கு அது கடைக் குடுவைக்கு நிகராக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999 இல் காட்டினார்கள். சுற்றுலாவுக்கு வருவோர் எங்கள் மலையில் வீசிவிட்டுப் போகும் புட்டிகளுக்கு இப்படியும் ஒரு பயன்!

நாட்டு மருத்துவத்தை நான் இகழவில்லை. ஊமத்தையைப் பாருங்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், நம்மவர் இளைப்புக்கு ஊமத்தைப் புகை பிடிப்பதை அறிந்தார். அந்தப் பழக்கம் 1802 இல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் போயிற்று. பின்னர் நூறாண்டுக்கும் மேலாக 'ஆஸ்துமா சிகரெட்' என்று ஐரோப்பாவெங்கும் விற்றார்கள். ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின் மூச்சுக்குழலை விரிப்பது மெய்யே. அதன் வழித்தோன்றலான இப்ராட்ரோப்பியம் இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. ஆயினும் ஊமத்தை நஞ்சு. அளவு தவறினால் பித்துப் பிடிக்கும், உயிரும் போகும். போதாததற்குப் புகை வேறு. பாட்டன் கண்டுபிடித்ததில் நல்லதைப் பிரித்தெடுத்துப் பம்புக்குள் வைத்துத் தந்திருக்கும்போது, மறுபடியும் இலையைச் சுருட்டுவானேன்? ஆண்டுதோறும் சூன் மாதத்தில் ஐதராபாத்துக்குப் போய் மீன் மருந்து விழுங்கிவருவோரும் உண்டு. விழுங்குவதைவிட, விழுங்கிய தெம்பில் தினசரி மருந்தை நிறுத்துவதே என்னை அஞ்சவைக்கிறது.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று பலநாள் தயங்கியதை எழுதுகிறேன். அக்காவின் அனுமதி பெற்றே எழுதுகிறேன். எனக்கு இருப்பது அவருக்கும் உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன் அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, சாம்பிராணி போட்டு, திண்ணையில் பெரியவர்கள் பீடி பற்றவைத்து, எல்லாம் மரியாதைப்படி நடந்தது. பம்பு யார் கண்ணிலும் படக்கூடாதென்று அம்மா அதை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டார். அக்கா தட்டோடு வந்து நின்றபோது தோள்கள் ஏறி இறங்கின. "பெண்ணுக்கு வெட்கம்" என்று ஓர் அத்தை சொன்னார். வெட்கமல்ல, மூச்சு. அவர்கள் எழுந்து போக இரண்டு மணி நேரமாயிற்று. இருட்டியபின் பேச முடியவில்லை. உதடு நீலம் பாரித்தது. பானையில் கைவிட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்த பம்பு அந்த நிலையில் போதவில்லை. வாடகை ஜீப்பில் அந்த இருபது வளைவுகளிலும் இறங்கியபோது அக்காவின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தவன் நான். ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டே வந்தேன். உயிர் பிழைத்தார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அதில் வீட்டில் எவருக்கும் வருத்தமில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். மூக்குக் கண்ணாடி போட்ட பெண்ணையே ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கும் சமூகத்தில், பம்பு வைத்திருக்கும் பெண்ணை யார் கேட்பார்கள் என்று அவர் அஞ்சியதில் என்ன வியப்பு? புகையையும் தூசையும் விலக்கிவிடலாம். மறைத்து வைக்கும் பழக்கத்தை விலக்காவிட்டால், மற்ற எந்த முன்னேற்பாடும் தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாது. நம் வகுப்பறையிலும் இதே கதைதான். கேலிக்கு அஞ்சிக் கழிப்பறையில் போய் உறிஞ்சுகிறவன் இருக்கிறான். தேர்வு மண்டபத்தில் பம்பை எடுத்தால் துண்டுச்சீட்டு என்று ஐயப்படுவார்களோ என்று அறையிலேயே வைத்துவிட்டு வருகிறவளும் இருக்கிறாள்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் சில வேண்டுகோள்கள். தேர்வு மண்டபத்தில் பேனாவைப்போலப் பம்பும் மேசைமேல் இருக்கலாம் என்று ஓர் அறிவிப்புப் போதும். காலையில் மாணவர்கள் வந்து அமர்ந்தபின் வகுப்பறையைக் கூட்டுவதைத் தவிர்த்து, முதல்நாள் மாலையே ஈரத்துணியால் துடைக்கலாம். கரும்பலகை துடைப்பானைச் சன்னலுக்குள்ளே தட்டாமல் வெளியே தட்டலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பார்த்தீனியம் பிடுங்கும்போது, அது பூப்பதற்கு முன் பிடுங்குவதும் மூக்கை மறைத்துக்கொள்வதும் நலம். இளைப்புள்ளவனை அந்த வேலையிலிருந்து விடுவித்து வேறு வேலை தரலாம். தேசிய மாணவர் படையில் அவன் ஓடக்கூடாது என்பதில்லை. முறையாக மருந்தெடுத்தால் ஓடலாம்.

விடுதி நண்பர்களுக்குத் தனியே ஒரு சொல். கொசுவத்திச் சுருள் ஒன்று எரிந்து தீர்வதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சன்னலை மூடிக்கொண்டு மூன்று பேர் படுக்கும் அறையில் அதைக் கொளுத்திவிட்டு, "நான் புகை பிடிப்பதில்லை" என்று பெருமை பேசுவது வேடிக்கையல்லவா? கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியைப் பற்றியும் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். ஆயுத பூசையை நான் எதிர்க்கவில்லை. கதவைத் திறந்துவைத்துப் போடுங்கள், அல்லது போடும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லுங்கள். நாங்கள் சற்று வெளியே உலாவிவிட்டு வந்து சுண்டல் வாங்கிக்கொள்கிறோம்.

அரசுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. மலைக் கிராமங்களுக்கு அந்தப் பையில் தினசரித் தடுப்பு மருந்துப் பம்பும் தவறாமல் வந்தால், நள்ளிரவு ஜீப்புகள் பல ஓடவேண்டியிரா.

எங்கள் வீட்டில் பம்பு இப்போது விளக்கு மாடத்தில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர் எல்லாரும் பார்க்கலாம். விடுதியில் தரையை ஈரத்துணியால் துடைக்கக் காப்பாளர் ஐயா ஒப்புக்கொண்டுவிட்டார், துணியும் வந்துவிட்டது. வாளிதான் இன்னும் வரவில்லை.